ஆறு புள்ளி அதிசயம்!

குட்டீஸ், உங்கள் தமிழ்ப் பாடப் புத்தகத்தை எடுங்கள். கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரு பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். என்ன தெரிகிறது? வழுவழு காகிதம், அவ்வளவுதான்! அதில் கதை இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று எதுவுமே தெரியாது. அச்சிட்ட எழுத்து கண்ணோடுதான் பேசும், விரலோடு பேசாது.

200 ஆண்டுகளுக்கு முன்பு, பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் என்றாலே ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அவர்களுடைய விரலோடு பேசும் ஓர் எழுத்தை உருவாக்கியவர் பெரிய விஞ்ஞானி அல்ல. அரசரோ அமைச்சரோ அல்ல. பிரான்ஸ் நாட்டின் ஒரு கிராமத்திலிருந்து வந்த 15 வயதுப் பையன்! அவனுக்கும் பார்வை கிடையாது. அவன்தான் லூயி பிரெய்லி.

பட்டறையில் ஒரு விபத்து

பாரீஸ் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கூவ்ரே என்ற சிறிய கிராமம். அங்கே 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி லூயி பிறந்தான். வீட்டில் அவன்தான் கடைக்குட்டி. அப்பா சிமோன் ரெனே, குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்பவர். வீட்டோடு சேர்ந்தாற்போலவே அவருடைய பட்டறை. தோலை வெட்டும் கத்திகள், துளை போடும் குத்தூசிகள் என்று அங்கே விதவிதமான கருவிகள் இருக்கும்.

அப்பா செய்வதைப் பார்த்தால் நாமும் செய்து பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும் அல்லவா? 3 வயது லூயிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் யாரும் கவனிக்காத நேரத்தில், கூர்மையான கருவி ஒன்றை எடுத்து ஒரு தோல் துண்டின் மேல் வைத்து அழுத்தினான். அது வழுக்கியது. நேராக அவன் கண்ணில் குத்திவிட்டது!

மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனால், காயத்தில் சேரும் கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் அந்தக் காலத்தில் இல்லை. கிருமிகள்தான் நோயை உண்டாக்குகின்றன என்பதே அப்போது தெரியாது. ஒரு கண்ணில் ஏற்பட்ட பாதிப்பு மறு கண்ணையும் தாக்கியது. 5 வயது ஆவதற்குள் லூயியின் இரண்டு கண்களிலும் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது.

அந்த நாளில் பார்வையில்லாத ஏழைகள் பலர் தெருவில் பிச்சை எடுத்துத்தான் வாழ்ந்தார்கள். தங்கள் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது என்று லூயியின் பெற்றோர் உறுதியாக இருந்தார்கள். ஊர்ப் பாதிரியார் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உள்ளூர்ப் பள்ளியிலும் சேர்த்தார்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துப் படித்ததை, லூயி கேட்டே படித்தான். வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கினான்.

ஆனாலும் ஒரு குறை. ஆசிரியர் சொல்வதைக் கேட்கலாம்; தானாக ஒரு வரி படிக்க முடியாது. நினைப்பதைச் சொல்லலாம், தானாக ஒரு வரி எழுத முடியாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் எப்போதும் இன்னொருவர் பக்கத்தில் வேண்டும்.

கேலியில் பிறந்த பள்ளி

1819ஆம் ஆண்டு, 10 வயதில், லூயி பாரீசுக்குப் போனான். அங்கே பார்வையற்ற சிறுவர்களுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. உலகிலேயே இத்தகைய முதல் பள்ளி அதுதான்!

அந்தப் பள்ளி உருவானதே ஒரு கதை. 1771இல் பாரீசில் நடந்த ஒரு சந்தையில், பார்வையற்றவர்கள் சிலருக்குக் கோமாளித் தொப்பியும் அட்டைக் கண்ணாடியும் மாட்டிவிட்டு, வாத்தியங்களைக் கன்னாபின்னாவென்று வாசிக்க வைத்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாலந்தேன் ஆவி என்பவரால் மட்டும் சிரிக்க முடியவில்லை. மனம் நொந்துபோனார். இவர்களைக் கேலிப் பொருளாக்காமல், படிக்க வைத்தால் என்ன என்று யோசித்தார். பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பார்வையற்ற இளைஞர் ஒருவருக்கு முதலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு 1785இல் பள்ளியையே தொடங்கிவிட்டார்.

அவர் கண்டுபிடித்த முறை இதுதான். ஈரமான தடித்த காகிதத்தில் எழுத்து அச்சுகளை வைத்து நன்றாக அழுத்துவது. காகிதம் காய்ந்ததும் எழுத்துகள் மேடாக எழுந்து நிற்கும். அவற்றை விரலால் தடவிப் படிக்கலாம்.

நல்ல யோசனைதானே? ஆம், அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது.

நம்முடைய 'ஞ' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வளைவு, எத்தனை சுழி! கண்ணுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். விரலோ ஒவ்வொரு வளைவாக ஊர்ந்து போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரெஞ்சு எழுத்துகளிலும் இதே கதைதான். விரலுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எழுத்துகளைப் பெரிது பெரிதாக அச்சிட்டார்கள். அதனால் ஒரு பக்கத்தில் கொஞ்சம் சொற்களே அடங்கின. புத்தகங்கள் தூக்க முடியாத கனம்! ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தடவி முடிப்பதற்குள் முதல் சொல் மறந்துபோகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்த முறையில் பிள்ளைகளால் எளிதாகத் தாங்களே எழுத முடியாது. வீட்டுக்கு ஒரு கடிதம், வகுப்பில் ஒரு குறிப்பு என்று எதற்கும் வழியில்லை.

12 புள்ளிகளுடன் வந்தவர்

1821ஆம் ஆண்டில் அந்தப் பள்ளிக்கு ஒரு புதிய எழுத்து முறை வந்துசேர்ந்தது. அதை உருவாக்கியவர் சார்ல் பார்பியே. முன்பு படையில் அதிகாரியாக இருந்தவர். இருட்டிலும் தொட்டுப் படிக்கக்கூடிய அவருடைய முறையில் கோடுகளே கிடையாது. எல்லாமே புள்ளிகள்! ஒரு கூரிய ஆணியால் தடித்த காகிதத்தில் குத்தினால், மறுபக்கம் சிறுசிறு மேடுகள் வரும். அந்த மேடுகள்தான் எழுத்து.

12 வயது லூயிக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. வளைவுகளைவிடப் புள்ளிகள் விரலுக்குப் பளிச்சென்று தெரிந்தன. அதைவிட, இந்த முறையில் தானே எழுதவும் முடிந்தது!

ஆனால் பழகப் பழகக் குறைகளும் தெரிந்தன. ஒரு குறியில் 12 புள்ளிகள் வரை இருந்தன. விரல் நுனியால் அவை எல்லாவற்றையும் ஒரே தொடுதலில் உணர முடியவில்லை. மேலும் கீழும் தடவ வேண்டியிருந்தது. மேலும், அந்தப் புள்ளிகள் ஒலியை மட்டுமே குறித்தன. சொற்களைச் சரியான எழுத்துக்கூட்டலுடன் எழுத முடியாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி கிடையாது. எண்களும் கிடையாது.

லூயி அந்த முறையை ஒதுக்கித் தள்ளவில்லை. அதைத் திருத்தினால் என்ன என்று யோசித்தான். பகலில் வகுப்பு. அதனால் மாலையிலும் விடுமுறையிலும் காகிதமும் ஆணியுமாக உட்கார்ந்துவிடுவான். குத்துவான், தடவிப் பார்ப்பான், மாற்றுவான். மறுபடியும் குத்துவான். இப்படியே சுமார் 3 ஆண்டுகள் ஓடின.

1824ஆம் ஆண்டு. லூயிக்கு 15 வயது. விடை கிடைத்துவிட்டது!

ஆறே புள்ளிகள்

12 புள்ளிகளை 6 ஆகக் குறைத்தான் லூயி. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. அவ்வளவுதான்! ஒரு விரல் நுனிக்குள் மொத்த எழுத்தும் அடங்கிவிடும். தடவித் தேட வேண்டாம்; தொட்டவுடன் தெரிந்துவிடும்.

ஆறு புள்ளிகளை வைத்து எல்லா எழுத்துகளையும் எப்படிக் காட்ட முடியும் என்று கேட்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒவ்வொரு புள்ளியும் மேடாக இருக்கலாம், அல்லது இல்லாமல் இருக்கலாம். ஆக, ஒரு புள்ளிக்கு 2 வழிகள். ஆறு புள்ளிகளுக்கு 2ஐ ஆறு முறை பெருக்குங்கள். 64 வருகிறதா? புள்ளியே இல்லாத வெற்றிடத்தைக் கழித்துவிட்டால் 63 வடிவங்கள்! எழுத்துகள், நிறுத்தக் குறிகள் எல்லாவற்றுக்கும் இது போதும்.

அதிலும் ஓர் ஒழுங்கு வைத்தான். முதல் பத்து எழுத்துகள் மேலே உள்ள நான்கு புள்ளிகளில் மட்டும் வரும். அடுத்த பத்து எழுத்துகளுக்கு, அதே வடிவங்களோடு கீழே இடப்பக்கம் ஒரு புள்ளியைச் சேர்த்தால் போதும். முதல் பத்து வடிவங்களைப் பழகிவிட்டால் மற்றவை தாமாகவே வந்துவிடும்!

பெரியவர்கள் செய்த புத்தகத்துக்கும் லூயியின் புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா, குட்டீஸ்? ஆவி நல்ல மனிதர். ஆனால் கண்ணுக்காகப் பிறந்த எழுத்தையே அவர் மேடாக்கிக் கொடுத்தார். லூயியோ விரலுக்கு எது வசதி என்பதிலிருந்து தொடங்கினான். அந்தக் கஷ்டம் அவனுடைய சொந்தக் கஷ்டம் அல்லவா?

மாணவர் ஆசிரியர் ஆனார்

படித்த பள்ளியிலேயே லூயி ஆசிரியர் ஆனார். இலக்கணம், கணக்கு, வரலாறு, இசை எல்லாம் கற்றுக் கொடுத்தார். ஆர்கன் என்ற பெரிய இசைக் கருவியை வாசிப்பதில் வல்லவர். பாரீஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கும் வேலையும் பார்த்தார். அதனால் தம்முடைய ஆறு புள்ளிகளைக் கொண்டே இசைக் குறியீடுகளையும் அமைத்தார்.

1829இல் தம் முறையை விளக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தப் புத்தகம் எந்த எழுத்தில் அச்சானது தெரியுமா? ஆவியின் பழைய மேட்டெழுத்தில்தான்! புதிய எழுத்தை அறிமுகம் செய்ய வேண்டுமானால், படிப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எழுத்தில்தானே விளக்க முடியும்?

பிறகு குறைகளை நீக்கி, 1837இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். குறிப்பு எழுதினார்கள், நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். தாங்கள் எழுதியதைத் தாங்களே திரும்பப் படித்தார்கள்.

எதிர்ப்பு வந்தது!

இவ்வளவு நல்ல முறையை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை!

பார்வையுள்ள பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பார்வையற்றவர்களுக்கு மட்டும் தனி எழுத்து என்றால், அவர்கள் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிடுவார்களே என்று சொன்னார்கள். பார்வையுள்ள ஆசிரியர்களும் புதிதாக ஓர் எழுத்தைக் கற்க வேண்டியிருந்தது.

முதலில் சொன்ன கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளை எழுதும் கடிதத்தை அம்மாவால் படிக்க முடியாவிட்டால் என்ன பயன்? லூயி அதையும் யோசித்தார். வழக்கமான எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் குத்தி எழுதும் இன்னொரு முறையை 1839இல் வெளியிட்டார். அதைப் பார்வையுள்ளவர்கள் கண்ணால் படிக்கலாம். பார்வையில்லாத இன்னொருவரான பியேர் ஃபூக்கோ, அந்தப் புள்ளிகளை வேகமாகப் பதிக்க ஓர் எந்திரமே செய்துவிட்டார். தட்டச்சு எந்திரம் கடைகளுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்த விஷயம் இது!

ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. 1840இல் பள்ளிக்குப் புதிய தலைவர் வந்தார். பெயர் துயிபோ. அவர் ஆறு புள்ளி எழுத்துக்கு இடம் கொடுக்கவில்லை. கண்ணால் பார்ப்பவர்கள் படிக்கும் எழுத்து வடிவமே போதும் என்றார்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒளித்து ஒளித்து எழுதினார்கள்! பெரிய மாணவர்கள் சிறியவர்களுக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். தானாகப் படிக்கும் சுகத்தை ஒருமுறை கண்டுவிட்டவர்கள் அதை விட்டுவிடுவார்களா?

இதையெல்லாம் கவனித்தார் துணைத் தலைவர் குவாதே. இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன்படுவது எது என்று அவருக்குப் புரிந்தது. துயிபோவிடம் எடுத்துச் சொல்லி அவர் மனத்தை மாற்றினார். 1844இல் பள்ளியின் புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா நடந்தது. அந்த மேடையில் ஊரார் முன்னிலையில் புள்ளி எழுத்தை மாணவர்கள் செய்து காட்டினார்கள். சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார்; அப்போது அங்கே இல்லாத இன்னொருவர் வந்து அதைத் தொட்டு வாசித்தார். லூயி பிரெய்லியின் பெயர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டப்பட்டது.

பார்க்காமல் போன வெற்றி

லூயிக்கு இளம் வயதிலேயே காசநோய் வந்துவிட்டது. பழைய பள்ளிக் கட்டடம் ஈரமும் குளிருமாக இருந்தது. காசநோய்க்கு அப்போது மருந்தும் இல்லை. கொஞ்ச நாள் ஓய்வு, கொஞ்ச நாள் வேலை என்று காலம் ஓடியது. 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி அவர் காலமானார். 43ஆவது பிறந்த நாள் முடிந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன.

அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1854இல், பிரான்ஸ் நாடு அவருடைய எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 1878இல் பாரீசில் நடந்த உலக மாநாடு, பார்வையற்றோர் கல்விக்கு இந்த எழுத்தையே தேர்ந்தெடுத்தது. பிறகு நாடு நாடாகப் பரவியது.

1952இல், அவர் இறந்து 100 ஆண்டுகள் ஆனபோது, பிரான்ஸ் அவரைப் பெருமைப்படுத்தியது. அவருடைய உடலின் எச்சங்களைக் கிராமத்துக் கல்லறையிலிருந்து எடுத்து, நாட்டின் மாமனிதர்கள் துயிலும் பாரீசின் பாந்தியோன் மண்டபத்தில் வைத்தார்கள். ஹெலன் கெல்லர் அம்மையாரும் அந்த விழாவுக்கு வந்திருந்தார். ஆனால் லூயியின் கைகளை மட்டும் கூவ்ரே கிராமம் தன்னிடமே வைத்துக்கொண்டது. உலகத்துக்கே எழுத்துக் கொடுத்த கைகள் அல்லவா!

தமிழுக்கும் வந்தது

இந்த ஆறு புள்ளிகள் தமிழையும் எழுதும். முன்பு இந்தியாவில் மொழிக்கு ஒன்றாக, பகுதிக்கு ஒன்றாகப் பல பிரெய்லி முறைகள் இருந்தன. 1951இல் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக 'பாரதி பிரெய்லி' வந்தது. அதில் நம்முடைய 'க'வுக்கும் இந்தியின் 'க'வுக்கும் ஒரே புள்ளிகள்தான்!

2009இல் லூயி பிரெய்லியின் 200ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி, இந்திய அரசு அவர் உருவம் பொறித்த 2 ரூபாய் நாணயத்தை வெளியிட்டது. உங்கள் உண்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அவர் பிறந்த ஜனவரி 4ஆம் தேதியை, 2019 முதல் உலக பிரெய்லி தினமாக ஐக்கிய நாடுகள் சபை கடைப்பிடிக்கிறது.

லிஃப்டில் ஏறினால் பொத்தான்களின் பக்கத்தைக் கவனியுங்கள். பல இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். நம் நாட்டின் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்திலும் பிரெய்லி எண்கள் உண்டு. யாருக்கு ஓட்டு என்று இன்னொருவரிடம் சொல்லாமல், பார்வையற்ற ஒருவர் தாமே வாக்களிக்க அவை உதவுகின்றன. கணினித் திரையில் வருவதைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன.

நீங்களும் எழுதலாம்!

தேவையானவை: தடித்த அட்டைக் காகிதம், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, மடித்த துண்டு. (குத்தூசி, ஊசி, காம்பஸ் வேண்டவே வேண்டாம். கண் பத்திரம்!)

முதலில் பெட்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் மேலிருந்து கீழாக 4, 5, 6.

அ - புள்ளி 1
க - புள்ளிகள் 1, 3
ல - புள்ளிகள் 1, 2, 3
ப - புள்ளிகள் 1, 2, 3, 4

துண்டின் மேல் காகிதத்தை வைத்துப் பேனாவால் அழுத்துங்கள். மேடு வருவது மறுபக்கத்தில். அதனால் எழுதும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். 1, 2, 3 வலப்பக்கம் வரும். காகிதத்தைத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும். 'ப', 'ல' இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் 'பல' என்ற சொல் தயார்!

எழுதியதை நண்பனிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். முதலில் தடுமாறுவான். பழகப் பழக விரலுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, குட்டீஸ். உங்கள் வகுப்பிலோ தெருவிலோ பார்வையில்லாத ஒரு நண்பர் இருந்தால், அவருக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பெரியவர்கள் பலருக்குத் தோன்றாத விடை 15 வயது லூயிக்குத்தானே கிடைத்தது?